தண்டையார்பேட்டை வீட்டுக் கணினியில் இரண்டாவது இயங்குதளம்

நவம்பர் 8, 2025, சனிக்கிழமை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் கணினி 2017இல் வாங்கியது; அதன் செயலி ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. புதிய கணினி வாங்கிவிடலாமே என்று மனைவி கேட்டாள். ஆனால் பழுதில்லாமல் ஓடும் பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸை அடியோடு நீக்கவும் வழியில்லை. பழைய வண்ணாரப்பேட்டை அச்சகங்களுக்குத் திருமணப் பத்திரிகை, நோட்டீஸ் ஆகியவற்றை நான் வீட்டிலிருந்தே டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்து தருகிறேன். 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்கள், அவற்றில் அமைத்த பல ஆண்டுக் கோப்புகள் என்று என் பிழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதே சமயம், பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத ஓர் இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் மகளைக் கல்லூரி வேலை செய்யவிடுவதும் சரியல்ல. ஆகவே பேஜ்மேக்கர் வேலைக்கு மட்டும், இணைய இணைப்பே இல்லாமல், விண்டோஸ் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் என்று முடிவு செய்தோம்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

காலை முழுவதும் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பதில் சென்றது. நகலெடுத்தால் மட்டும் போதாது. அந்த நகலிலிருந்தே நான்கைந்து பத்திரிகைகளைத் திறந்து எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

விண்டோஸ் எந்த முறையில் தொடங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கணினியை இயக்கியதும் இயங்குதளத்தை எழுப்பும் மென்பொருளில் பழையது பயாஸ், புதியது யூஇஎஃப்ஐ; எங்களுடையது யூஇஎஃப்ஐ. லினக்ஸையும் அதே முறையில் நிறுவினால்தான் இரண்டும் ஒரே தொடக்கப் பட்டியலில் ஒழுங்காக வரும். வட்டு முழுவதையும் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் போடப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். அது இருந்திருந்தால், மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் வட்டில் கை வைத்திருக்கவே கூடாது.

சிக்கல் வந்தது சி டிரைவைச் சுருக்கும்போதுதான். 400 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 38 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்று விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டியது. ஹைபர்னேஷன் கோப்பும் (கணினி உறங்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதி வைப்பது) பேஜ் கோப்பும் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படுத்துவது) நகர்த்த முடியாத கோப்புகள். அவை டிரைவின் நடுவில் உட்கார்ந்திருந்தால், அவற்றுக்குப் பின்னால் உள்ள இடத்தை மட்டும்தான் விண்டோஸ் விட்டுக்கொடுக்கும். பேஜ் கோப்பைத் தற்காலிகமாக அணைத்தேன். ஹைபர்னேஷனை நிரந்தரமாகவே அணைத்துவிட்டேன். மறுதொடக்கத்துக்குப் பின் 150 ஜிபி எளிதாகக் கிடைத்தது.

ஹைபர்னேஷனை நிரந்தரமாக அணைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அணைத்தால், விண்டோஸை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் போய்விடும். அது இயங்கும்வரை, நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் நினைவில் இருக்கும் பழைய கணக்கையே நம்பும், கோப்புகள் கெடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மாதக்கணக்கான வேலையை இழக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நவம்பர் 10, திங்கட்கிழமை

மின்ட் 22.2 நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, அது பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு, ரூஃபஸ் என்ற கருவி மூலம் பென் டிரைவில் எழுதினேன். நிறுவாமலேயே அதிலிருந்து இயக்கிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தன.

நவம்பர் 12, புதன்கிழமை

மாலையில் மழை விட்டிருந்தது. யூபிஎஸ் முழுதாக ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். வட்டைப் பிரிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற அச்சம், தெருவில் தண்ணீர் நிற்கும் இந்த மாதங்களில் எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்குப் புரியும்.

பிரிவுகளை நிறுவியின் விருப்பத்துக்கு விடாமல் நானே அமைத்தேன்: இயங்குதளத்துக்கு 60 ஜிபி, மீதி 90 ஜிபி மகளின் கோப்புகளுக்கு. விண்டோஸ் ஏற்கெனவே உருவாக்கியிருந்த 100 எம்பி இஎஃப்ஐ பிரிவை (தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) லினக்ஸும் பகிர்ந்துகொள்ளும். அதைப் பயன்படுத்தும்படி மட்டுமே சொல்ல வேண்டும். ஃபார்மட் செய்யும்படி தவறிச் சொன்னால் விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் அழிந்துவிடும். அந்தத் திரையை மகளையும் ஒருமுறை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பொத்தானை அழுத்தினேன்.

முடிந்ததும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் தொடக்கப் பட்டியலில் இரண்டு பெயர்களும் வந்தன. "முதலில் விண்டோஸைத் திறந்து பாருங்கள் அப்பா" என்றாள். பேஜ்மேக்கர் திறந்து, பாதியில் நின்ற கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகை அப்படியே வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

விடியற்காலை 5.10க்கு விண்டோஸில் ஒரு பில் போட்டேன். அதில் நேற்றைய தேதி விழுந்திருந்தது. கடிகாரம் இரவு 11.40 என்று காட்டியது.

ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதும் காரணம் விளங்கியது. தாய்ப்பலகையில் (மதர்போர்டு) உள்ள கடிகாரத்தை லினக்ஸ், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இணையம் இருந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளக்கூடும். நான்தான் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கிறேனே. மின்டில் ஒரே கட்டளையால், தாய்ப்பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைத்திருக்கச் செய்தேன். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் இந்த வழி குழப்பம் தரும் என்பதால் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இந்தியாவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம் என்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பில்லைத் திருத்தி அச்சகத்துக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

மின்டில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தோம். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. இருபது ஆண்டுகளாகத் தட்டிய விரல்களுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. இந்த நாட்குறிப்பையும் அதில்தான் தட்டுகிறேன்.

டி டிரைவை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். இன்று விண்டோஸில் பத்திரிகையை முடித்து, பிடிஎஃப் ஆக்கி அதில் போட்டேன்; மறுதொடக்கம் செய்து மின்டிலிருந்து புரூஃபை அனுப்பினேன். மணமகளின் தாத்தா பெயரில் ஒரு திருத்தம் இருப்பதாக அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மீண்டும் விண்டோஸுக்குப் போக வேண்டும்.