புகையிலை விவசாயிக்கு உள்ள உரிமை எது?

புகையிலைக்கு வரி கூட்டும் பேச்சு எழும்போதெல்லாம், விவசாயியின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்ற குரலும் கூடவே எழுகிறது. அந்தக் குரல் பெரும்பாலும் விவசாயியின் வாயிலிருந்து வருவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், கேள்வி நியாயமானதுதான். புகையிலையால் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அவர்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். அதே வேளையில், 120க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த இலையை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை, உழைத்துப் பிழைக்கும் உரிமையை 6ஆம் பிரிவிலும் உடல்நல உரிமையை 12ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால், அங்கே காக்கப்படுவது பிழைப்பு. இன்ன பயிரைத்தான் விளைவிப்பேன் என்ற பிடிவாதத்துக்கு அதில் இடமில்லை.

பல நாடுகளில் விவசாயி புகையிலையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஆசையைவிடக் கடன்தான். ஒப்பந்தம் போட்ட நிறுவனமே விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் முன்பணமாகத் தருகிறது. இலையைக் கொடுக்கும் நாளில் அத்தனையையும் கழித்துக்கொள்கிறது. இலையின் நிறத்தையும் தன்மையையும் பார்த்துத் தரம் பிரிப்பதிலும் பெரும்பாலும் வாங்குகிறவர் கையே ஓங்கியிருக்கிறது. ஒரு படி தரம் இறங்கினால் அந்தப் பருவத்து லாபமே போய்விடும். மிச்சக் கடன் அடுத்த பருவத்துக்கு நகரும். இருந்தும், விளைந்ததை வாங்க ஆள் உண்டு என்ற உறுதி இந்தப் பயிருக்கு இருக்கிறது. தக்காளிக்கோ மிளகாய்க்கோ அது இல்லை என்பதை மறந்துவிட்டு மாற்றுப்பயிர் பேசுவது வீண்.

உடல்நலம் ஒரு பக்கம், விவசாயி மறுபக்கம் என்று தராசில் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பனியில் நனைந்த இலையை விடியற்காலையில் ஒடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்புக்குக் கொண்டுவருபவரின் தோல் வழியே நிக்கோட்டின் உடலுக்குள் இறங்குகிறது. சில மணி நேரத்தில் தலைசுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி. பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. நிக்கோட்டினுக்குப் பழகாத உடம்புடைய சிறுவர்களை இது எளிதில் வீழ்த்துகிறது. சூளையில் காய்ச்சும் இரகமென்றால், அதன்பின் பல நாள் இரவு பகலாகத் தீயின் சூட்டைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்; விறகுக்குக் காடு அழிவது தனிக்கதை. பொதுச் சுகாதார உரிமை இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கட்டமைப்பு உடன்படிக்கை, தன் 17ஆம் பிரிவில், பொருளாதார ரீதியாகக் கட்டுப்படியாகும் மாற்றுத்தொழிலை உறுப்பு நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. வரியும் எச்சரிக்கைப் படமும் வந்த வேகத்தில் இது வரவில்லை. இத்தனைக்கும் அவகாசம் நிறைய இருந்தது: புகைப்பழக்கம் ஒரே நாளில் ஒழிவதில்லை, உலக மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே இலைக்கான தேவை மெல்லத்தான் குறையும். அந்த அவகாசத்தை அரசுகள் வீணடித்துவிட்டு, இப்போது விவசாயியைக் காரணம் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

செலவை யார் ஏற்பது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விடை உண்டு. யார் எவ்வளவு விற்கலாம் என்று வரம்பிட்டு 1930களிலிருந்து இருந்துவந்த புகையிலை ஒதுக்கீட்டு முறையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் முடித்தபோது, அந்த ஒதுக்கீட்டைக் கையில் வைத்திருந்த உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், விளைவித்தவருக்கு 3 டாலர் என்று பத்தாண்டுகளில் பிரித்துத் தரப்பட்டது. ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அதைத் தயாரிப்பாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் வசூலித்தார்கள். ஆனால் பணம் வாங்கியவர் புகையிலையை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விரும்பியவர் விரும்பிய அளவு பயிரிடலாம் என்றாகி, சிறு பண்ணைகள் வெளியேற, பெரியவை மேலும் பெருத்தன. கென்யாவின் மிகோரி மாவட்டத்தில் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து நடத்தும் முயற்சி இந்த ஓட்டையை அடைக்கிறது: இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸுக்கு விதையும் பயிற்சியும் கொடுத்து, விளைந்ததை வாங்கவும் ஏற்பாடு செய்கிறது. முதல் நாட்டின் பணத்தையும் இரண்டாம் நாட்டின் கொள்முதலையும் ஒரே சட்டத்தில் சேர்த்து, புகையிலை வரியில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குவதாக ஓர் அரசு அறிவித்தால், வரி உயர்வுக்கு எதிராக விவசாயியை முன்னிறுத்தும் வாதத்துக்கு என்ன வலு மிஞ்சும் என்று பார்க்க ஆசை.