எண் அழிந்த மூன்று ட்யூப்கள்

நவம்பர் 12

ஆஸ்திரேலியாவின் புல்லர் மலையிலிருந்து டிஎன்ஏ சோதனைக்கான காதுத் துணுக்குகள் வந்து சேர்ந்தன. கங்காருபோல் குட்டியைப் பையில் சுமக்கும் மவுண்டன் பிக்மி பொசத்தின் மொத்த எடையே 45 கிராம்தான். அதன் காது ஓரத்தில் எடுத்த துணுக்கு எள்ளளவு இருக்கிறது. ஏழு மாதம் வரை பனிக்கடியில் பாறை இடுக்கில் உறங்கி விழித்த உயிருக்கு இந்தத் தொல்லை. பாவமாக இருக்கிறது.

மூன்று ட்யூப்களில் எண்ணே இல்லை. பேனாவால் எழுதியிருக்கிறார்கள். துணுக்கு கெடாமலிருக்க ஊற்றிய எத்தனால் கசிந்து வெறும் நீலக் கறைதான் மிச்சம். பென்சிலால் எழுதியிருந்தால் அழிந்திருக்காது. கோபம் இன்னும் தீரவில்லை. தூக்கிப் போட மனமில்லாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14

இரவு அம்மாவிடம் போனில் பொசம் கதை சொன்னேன். 1895-இல் எலும்பு மட்டும் கிடைத்து, அழிந்த இனம் என்றே நினைத்திருந்தார்கள். 1966-இல் ஹோத்தாம் மலையில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு ஒன்று அகப்பட்டது. புல்லரில் 1996-இல்தான் கண்டுபிடித்தார்கள். அப்போது சுமார் 300 இருந்தன. அடுத்த பத்தே வருடத்தில் சில டஜன்தான் மிச்சம், எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம்.

அம்மா சட்டென்று சொன்னார்: “சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டிருந்தா எப்படிடி? வெளியூர்ல மாப்பிள்ளை பாக்கறதுதானே?”

அதைத்தான் செய்தார்கள். 2011-இல் ஹோத்தாமிலிருந்து ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறந்த கலப்புக் குட்டிகள் பெரிதாக வளர்ந்தன. பெண்கள் கூடுதல் நாள் வாழ்ந்து, கூடுதல் குட்டிகள் ஈன்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்த கூட்டத்தைக் கலந்தால் புல்லரின் தனித்தன்மை போய்விடுமே என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். தனித்தன்மையைச் சுமக்க முதலில் பொசம் இருக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நவம்பர் 20

நேற்று மாலை நொதியில் போட்ட துணுக்குகள் காலையில் முழுதாகக் கரைந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத டிஎன்ஏவை 96 குழித் தட்டில் பிப்பெட்டால் ஒவ்வொன்றாக இறக்கினேன். குழி மாறினால் பொசமே மாறிவிடும். மூச்சை அடக்கித்தான் வேலை.

எண் அழிந்த மூன்றையும் கடைசி வரிசையில் சேர்த்துவிட்டேன்.

டிசம்பர் 16

டிஎன்ஏ எழுத்து வரிசைகள் வந்துவிட்டன. டிஎன்ஏவில் ஆயிரக்கணக்கான இடங்களில் தாய் தந்த எழுத்தும் தந்தை தந்த எழுத்தும் ஒன்றா, வேறா என்று பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தால் நெருங்கிய உறவில் பிறந்தது என்று அர்த்தம். இந்த வருடக் கூட்டத்தில் வேறுபாடு நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் அந்த மூன்று. பழைய வருடங்களின் பட்டியலோடு ஒப்பிட்டதில் இரண்டு அப்படியே பொருந்தின. முன்பே பிடித்துப் பார்த்த பொசங்கள்தான். காணாமல் போன மூன்று எண்களில் புதிதாகப் பிடித்த பொசத்தின் எண் ஒன்றே ஒன்று என்பதால் மூன்றாவதும் தெரிந்துவிட்டது.

பொருந்திய இரண்டில் ஒன்று, ஐந்து வருடம் முன்பே வளர்ந்த பெண்ணாகப் பதிவானது. ஹோத்தாம் எழுத்துகள் அதன் உடம்பில் நிறைய. 2017-இலிருந்து சில வருடங்கள், பொசங்களின் முக்கிய உணவான போகாங் அந்துப்பூச்சிகள் மலைக்குச் சரியாக வரவில்லை. பால் வற்றிப் பல தாய்கள் பைக்குட்டிகளை இழந்தன. அந்தப் பசிக்கு எங்கள் தட்டில் மருந்து கிடையாது.

களக் குறிப்பேட்டில் இந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினேன். எதிரே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: “பையில் நான்கு குட்டி.”