நாய்க் கால்தடமும் ஊதா ஜெர்சியும்: கல்லூரி வாலிபால் அணிக்கு லோகோ மாற்றிய அனுபவம்

லோகோ வரைய ஆனது பத்து நாள். அது துணியில் ஒழுங்காக ஏற ஆனது மூன்று மாதம். மண்டலப் போட்டிக்கு முந்தின நாள் மதியம்தான் ஜெர்சி மூட்டை வந்து இறங்கியது, அதுவும் முழுசாக இல்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேறு எந்தக் கல்லூரியாவது இதில் கை வைத்தால், நாங்கள் விழுந்த குழியில் விழ வேண்டாம் என்பதற்காக இது.

மாற்ற வேண்டியிருந்ததற்குக் காரணம் பழைய புலிமுகம். யாரோ எப்போதோ நெட்டில் இருந்து இறக்கிய படம். கைவசம் இருந்தது 600 பிக்சல் ஜேபெக் ஒன்றுதான். சட்டைப் பையளவில் அச்சடிக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் 20 அடி ஃப்ளெக்ஸ் கட்டியபோது, புலியின் கன்னத்தில் படம் விற்கும் தளத்தின் வாட்டர்மார்க் பளிச்சென்று தெரிந்தது. காசு கொடுக்காமல் எடுத்த படம் என்பதை நாமே 20 அடிக்கு விளம்பரம் செய்த மாதிரி.

புலியை விட மனமில்லை. திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி மரத்தாலும், புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்டதாலும் வந்த பெயர் அது; ஊர்ப் பெயரிலேயே புலி இருக்கிறது. ஆனால் வாயைப் பிளந்து முறைக்கும் புலிமுகம், அதிலும் சிவப்பு மஞ்சளில், தமிழ்நாட்டில் என்ன ஞாபகத்தைக் கிளப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுமதிக் கையெழுத்து போடுகிறவர்கள் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். அதனால் முகம் வேண்டாம், கால்தடம் போதும் என்று முடிவானது. கீழே 'வேங்கை' என்ற ஒரே சொல்.

நிறம் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சிக்கல். இந்த மாவட்டத்தில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது ஒரு கொடி. கறுப்பு சிவப்பு, நீலம் சிவப்பு, மஞ்சள் நீலம் சிவப்பு, காவி பச்சை என்று அடித்துக்கொண்டே வந்தால் தட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான். எங்களுக்கு மிஞ்சியது அடர்நீலம், வெள்ளை, ஒரு கீற்று கடற்பச்சை. நிறப் பட்டியலை முதலில் இப்படி வடிகட்டிவிட்டு டிசைனரிடம் கொடுங்கள். நான்கு டிசைன் வந்த பிறகு வடிகட்டினால் நான்கும் குப்பைக்குப் போகும்.

முதல் டிசைன் எல்லாருக்கும் பிடித்திருந்தது. வாட்ஸாப் குழுவில் கைதட்டல். முதல்வர் மேசைக்குப் போவதற்கு முன் விலங்கியல் துறை மேடம் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது நாயாச்சே" என்றார். ஒவ்வொரு விரல் நுனியிலும் கூராக நகம் வரைந்திருந்தது. புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் நகம் பதியாது. நான்கு விரல், நடுத்திண்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு, விரல்கள் வரிசையாக இல்லாமல் ஒன்று முன்தள்ளி நிற்கும். இவ்வளவுதான் இலக்கணம், ஆனால் ஐகான் தளங்களில் 'டைகர் பா' என்று தேடினால் பாதிக்கு மேல் நாய்தான் வருகிறது. விலங்கு, பறவை, படகு, கலங்கரை விளக்கம் எதை லோகோவாக வைத்தாலும் அது தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துக்குப் போங்கள்.

டிசைனர் எங்கள் பழைய மாணவர்தான். சம்பளம் கொஞ்சம், பாசம் அதிகம் என்ற ஏற்பாடு. அங்கேயும் ஒரு தாள் வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'கால வரம்பின்றி, எல்லாப் பயன்பாட்டுக்கும்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இதே மாதிரி லோகோ ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று டிரேட்மார்க் தளத்தில் 25ஆம் வகுப்பிலும் (துணி) 41ஆம் வகுப்பிலும் (கல்வி, விளையாட்டு) இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், ஒரு மணி நேர வேலை.

ஆபீஸ் கதை தனி. மூன்று கொட்டேஷன் கேட்டார்கள், கொடுத்தோம். பத்து நாள் கழித்து ஃபைல் திரும்பி வந்தது: விளையாட்டு நிதியில் 'லோகோ டிசைன்' என்று ஒரு தலைப்பே இல்லையாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். எந்தத் தலைப்பில் பில் பாஸ் ஆகும் என்பதை கிளார்க்கிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு கொட்டேஷனுக்குப் போங்கள். கொட்டேஷனில் 'வெக்டர் ஃபைலுடன்' என்ற சொல்லும் இருக்கட்டும்; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஃபைல் அது. இல்லாவிட்டால் குறைந்த விலை போட்டவர் ஒரு ஜேபெக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், கேட்க வாயும் இருக்காது.

அடுத்த அடி எழுத்துருவில். டிசைனர் யூனிகோடில் 'வேங்கை' என்று அமைத்து கோரல் என்ற டிசைன் மென்பொருளின் ஃபைலாகவே அனுப்பினார். புதுச்சேரி அச்சுக்கடையில் பழைய வெர்ஷன், முதலில் திறக்கவே இல்லை. பழைய வெர்ஷனுக்கு சேவ் செய்து அனுப்பினோம், திறந்தது. ஆனால் 'வே'யின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, 'கை'யின் சங்கிலிக் கொம்பும் அப்படியே. கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் தானே அடித்துக் கொடுத்தார். பாமினி வேறு குறியேற்றம், எழுத்தின் வடிவமும் வேறு. நாங்கள் தேர்ந்தெடுத்த தடித்த எழுத்து காணாமல் போய், கல்யாணப் பத்திரிகை எழுத்தில் வேங்கை உட்கார்ந்திருந்தது. கடலூரில் இருந்து பஸ் ஏறிப் போய்வந்த அரைநாள் வீண்.

மருந்து சின்னது. எழுத்தைத் தேர்வு செய்து கன்ட்ரோல் க்யூ, அதாவது கர்வ் ஆக்கிவிடுங்கள். பிறகு அது எழுத்தல்ல, வெறும் வடிவம். எந்தக் கணினியிலும் மாறாது. கர்வ் ஆக்காத ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் வந்தால் தேவைப்படும். எழுத்துரு உரிமையும் பாருங்கள்: பாலூ தம்பி, முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் கிடைக்கின்றன, ஜெர்சியில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும் என்பது இன்னும் நூறு பேருக்குத் தெரியவில்லை.

இனி ஜெர்சி. திருப்பூரில் சப்ளிமேஷன், அதாவது பேப்பரில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் அச்சு, செய்கிற இடத்தில் கொடுத்தோம். பாலியஸ்டர் துணிக்குத்தான் இது வேலை செய்யும். ஏறத்தாழ 200 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குள் மை ஆவியாகி இழைக்குள் போய்விடும், காட்டனில் ஒட்டாது. வெள்ளை மை கிடையாது. லோகோவில் வெள்ளை என்பது மை படாத துணிதான். அடித்த பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நிறமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பதறிவிட்டோம். பேப்பரில் அப்படித்தான் இருக்கும், சூடு பட்ட பிறகுதான் நிறம் எழும்பும். பேப்பர் போட்டோவைப் பார்த்து ஓகே சொல்லவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் அதற்கு அடுத்தது. சாம்பிள் ஜெர்சி வந்தது: அடர்நீலம் இல்லை, கத்தரிக்காய் ஊதா. காரணம் எங்கள் ஃபைலில் சியான் (இளநீல மை) 100, மெஜன்டா (ரோஜா நிற மை) 95. இரண்டின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நீலம் ஊதாவுக்குச் சாயும். மெஜன்டா சியானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருக்க வேண்டும், அடர்த்தியைக் கறுப்பைச் சேர்த்து வாங்க வேண்டும். அதைத் திருத்தியும் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. கடைசியில் வழி காட்டியது நிற அட்டைதான். ஒரே துணியில் இருபது நீலக் கட்டங்களை எண் போட்டு அடித்து, பிரஸ் செய்து, கூரியரில் வாங்கினோம். வெயிலில் வைத்துப் பார்த்து 14ஆம் கட்டம் என்று சொன்னோம். ஒரு நாள் வேலை. இதை முதலில் செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். அந்தத் துண்டுத் துணி இப்போது உடற்கல்வி இயக்குநர் பீரோவில் இருக்கிறது, அடுத்த வருட ஆர்டருக்கும் அதுதான் சாட்சி.

அதே சாம்பிளில் இன்னொரு கோளாறு. நெஞ்சின் நடுவில் பெரிதாகக் கால்தடம், அதன் கீழே இடம் கிடைத்த அளவுக்கு எண். வாலிபால் விதியில் எண்ணின் உயரம் முன்னால் குறைந்தது 15 சென்டிமீட்டர், பின்னால் 20, கோட்டின் அகலம் 2. கேப்டனுக்கு நெஞ்சு எண்ணுக்குக் கீழே 8க்கு 2 சென்டிமீட்டர் பட்டை வேறு. இத்தனைக்கும் இடம் விட்டால் லோகோவுக்குக் கிடைப்பது இடது நெஞ்சில் ஏழு சென்டிமீட்டர்தான். கபடி, கிரிக்கெட் ஜெர்சியைப் பார்த்து வாலிபாலுக்கு டிசைன் செய்யாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் கோடு, புள்ளி, கிரேடியன்ட் எதுவும் வேண்டாம். இன்னொன்று, எக்ஸ்எல் அளவில் லோகோவை வைத்துவிட்டு அப்படியே எஸ் வரை சுருக்குவார்கள். பெண்கள் அணியின் எஸ் ஜெர்சியில் ஒரு விரல் கைத்தையலுக்குள் போய்விட்டது. லோகோ எல்லா அளவிலும் ஒரே ஏழு சென்டிமீட்டர், கழுத்தில் இருந்து இத்தனை, நடுக்கோட்டில் இருந்து இத்தனை என்று எழுதிக் கொடுங்கள்.

டிராக்சூட்டுக்கும் தொப்பிக்கும் எம்ப்ராய்டரி, அது கடலூரிலேயே. கடைக்காரர் ஃபைலைப் பார்த்ததும், "தம்பி, இந்த இடுக்குல நூல் மூடிக்கும், புலி சப்பாத்தி ஆயிடும்" என்றார். நம்பாமல் ஒன்று போடச் சொன்னோம். சப்பாத்திதான் வந்தது. விரல்களுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நூல் இழுத்து மூடிவிடும். எழுத்து ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வெறும் முடிச்சு. எம்ப்ராய்டரிக்கென்று தனி வடிவம் வரைந்தோம்: விரல்கள் கொஞ்சம் சிறிது, இடுக்கு அகலம், எழுத்தே இல்லை. பஞ்சிங், அதாவது படத்தைத் தையல் ஃபைலாக மாற்றும் வேலை, அதற்குக் காசு ஒரு முறைதான். பிறகு தையல் எண்ணிக்கைக்குத்தான் விலை. தையல் மெஷின் படிக்கும் அந்த டிஎஸ்டி ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நூல் நிறம் பதிவாகாது, எந்த நிறம் எத்தனையாவது என்ற துண்டுச்சீட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கடைசியாக லிபரோ, பின்வரிசையில் தடுப்பாட்டம் மட்டும் ஆடுகிறவர். அவருக்கு மற்றவர்களிடம் இருந்து பிரிந்து தெரியும் வேறு நிற ஜெர்சி கட்டாயம். கடற்பச்சை ஜெர்சி, அடர்நீலக் கால்தடம் என்று வாயால் சொன்னோமே தவிர, அதற்குத் தனி ஃபைல் கொடுக்கவில்லை. திருப்பூரில் இருந்தவர் கோரலில் இன்வெர்ட் பொத்தானை அழுத்திவிட்டார். அடர்நீலம் வெளிர்மஞ்சளாகி, கடற்பச்சை ரோஜா நிறமாகி, நான்கு ஜெர்சி ஐஸ்கிரீம் கடை சீருடை மாதிரி வந்தன. திருப்பி அனுப்பி மறுபடி அடிக்க நேரமில்லை.

முதல் ஆட்டத்தில் எல்லாரும் புது நீலத்தில் இறங்க, லிபரோ மட்டும் போன வருட மஞ்சள் ஜெர்சியில், கன்னத்தில் வாட்டர்மார்க் உள்ள அந்தப் பழைய புலியோடு ஆடினார்.