1,10,000 கிலோமீட்டருக்குப் பிறகு புது டைமிங் செயின்

அப்பா ஓட்டிய பழைய 100 சிசி வண்டி. மீட்டர் 1,10,000 கி.மீ. தாண்டியதிலிருந்து இன்ஜினின் இடது பக்கம் சரசரவென்று ஒரு சத்தம், டேப்பெட்தான் (வால்வை அழுத்தும் பகுதியில் விடும் இடைவெளி) என்று நினைத்து இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தும் அடங்கவில்லை, அப்புறம்தான் டைமிங் செயின் (இன்ஜினுக்குள் கிராங்கின் சுழற்சியை மேலே கேமுக்குக் கொண்டுபோகும் செயின்) என்று புரிந்தது.

"செயின் மட்டும் மாத்தினா போதும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்ந்த பல்சக்கரத்தில் ஓடினால் புதுச் செயினும் சீக்கிரம் போய்விடும். ஸ்ப்ராக்கெட் (அந்தப் பல்சக்கரம்), டென்ஷனர் (செயினைத் தளராமல் பிடிப்பது), ரப்பர் ரோலர் எல்லாம் சேர்த்தே வாங்கினேன். பழைய ரோலரின் ரப்பர் கல் மாதிரி இறுகி, செயின் ஓடிய தடம் நகம் இறங்கும் ஆழத்துக்கு இருந்தது.

மாட்டும்போது அவசரமே கூடாது. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று, அதனால் மேல் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு மடங்கு பற்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வு திறக்கும் நேரம் மாறி வண்டி இழுக்காது. மேக்னட்டில் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) இருக்கும் 'T' குறியையும் மேல் ஸ்ப்ராக்கெட்டின் குறியையும் நேராக நிறுத்தி போல்ட்டை இறுக்கினோம், கிக்கரைத் தொடும் முன் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி மறுபடி பார்த்தோம்.

முதல் உதையிலேயே பிடித்தது. ஐட்லிங்கில் இப்போது சைலன்சர் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, சாவியைக் கேட்டார்.