ஈசூன் வீட்டுச் சமையலறை: இடிப்பதற்கு முன்

5 ஜூலை 2025, சனி

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறோம். டிசைனர் முதல் வரைபடத்தை அனுப்பியிருந்தார். வெள்ளை கேபினெட், வெள்ளைக் கல், கைப்பிடியே இல்லாத டிராயர்கள். கிரைண்டர் எங்கே வைப்பது என்று கேட்டேன். "காப்பி கிரைண்டரா?" என்றார். மாவாட்டும் கிரைண்டரைப் படம் பிடித்து அனுப்பினேன். அத்தை என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல யாரும் சமைக்க மாட்டாங்க போலிருக்கே" என்றார்.

எங்களுடையது எண்பதுகளில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய நான்கறை வீடு. குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. அதையும் கேபினெட் போட்டு மறைத்துவிடலாமாம். எதற்கு? புது புளோக்கில் இருப்பவர்கள் குப்பைப் பையோடு வெளியே நடக்கிறார்கள். எனக்கு அந்த வேலை இல்லை, அப்படியே இருக்கட்டும்.

8 ஜூலை, செவ்வாய்

இவருக்கு இண்டக்‌ஷன் அடுப்பு மேல் ஒரு கண். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எங்கள் மெயின் சுவிட்ச் 40 ஆம்பியர். நாங்கள் பார்த்து வைத்த அடுப்பு 7 கிலோவாட். அதன் எல்லா வளையங்களையும் முழு வேகத்தில் போட்டால் அது மட்டுமே 30 ஆம்பியர் இழுக்கும். அதோடு இரண்டு ஏர்கானும் ஹீட்டரும் ஓடினால் கரண்ட் நின்றுவிடும். 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும் சின்ன ரகம் இருக்கிறது, ஆனால் மொத்தமே 3 கிலோவாட்தான்.

மகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தாள். தோசைக்கல்லில் ஒட்டியது. அலுமினியக் குக்கரில் ஒட்டவில்லை. அத்தையின் வெண்கல உருளி, கல்சட்டி, ஈயச்சொம்பு எதிலும் ஒட்டவில்லை. தாளிப்புக் கரண்டி இரும்புதான், காந்தமும் ஒட்டியது. ஆனால் அடி குழிவாக, உள்ளங்கை அளவுகூட இல்லை. அவ்வளவு சின்னதை அடுப்பு கண்டுகொள்ளாதாம். அப்பளம் சுடுவது வேறு இருக்கிறது. கேஸ்தான் என்று முடிவாயிற்று. இவர் முகம் வாடியதால், டீ போட ஒரு ஒற்றை இண்டக்‌ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

13 ஜூலை, ஞாயிறு

நேற்று ஜாலான் புசார் கடைகளில் கல் சாம்பிள்கள் வாங்கி வந்தோம். குவார்ட்ஸ், சின்டர்ட் (அழுத்திச் சுட்டுச் செய்த செயற்கைக் கல்), கறுப்பு கிரானைட். ராத்திரி மூன்றின்மேலும் நல்லெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு சொட்டு வைத்தேன்.

காலையில் துடைத்தால் வெள்ளைக் குவார்ட்ஸில் ஐந்து காசு அளவுக்கு மஞ்சள் வட்டம். சோப்புக்கும் போகவில்லை. சின்டர்ட் சுத்தமாக இருந்தது. அத்தை குவார்ட்ஸ் துண்டை எடுத்துத் துணி காயும் ஜன்னலில் வெயில் படும்படி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் கறை பாதிக்குமேல் காணோம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது அவருக்குப் புடவைகளால் தெரியும். சரி, மேடையைக் கழற்றி வெயிலில் போட முடியுமா? தவிர, குவார்ட்ஸில் பிசின் கலந்திருக்கிறது, கொதிக்கும் குக்கரை அப்படியே இறக்கி வைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வோம். கறுப்பு கிரானைட் வாங்குகிறோம்.

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. இனி ஒரு மாதத்துக்குச் சுத்தியல் பேச்சே கூடாது என்று அத்தை. கான்ட்ராக்டர் அங்கிளுக்கு வேறு கணக்கு: சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது ஆவிகளின் மாதம், ஆகஸ்ட் 23ஆம் தேதி பிறக்கிறது, அதில் அவர் புது வேலை தொடங்க மாட்டார். ஆவணி பிறப்பது 17ஆம் தேதி, ஞாயிறு. உடைக்கும் வேலையை வார நாளில்தான் செய்யலாம், காலை 9 முதல் மாலை 5 வரை. அதுவும் தொடர்ந்து மூன்று நாள்தான் என்பது வீவக விதி.

ஆக, மிஞ்சியது ஒரே வாரம். அத்தை காலண்டரைப் புரட்டி 18ஆம் தேதி திங்களைப் பிடித்தார். அஷ்டமி, நவமி முடிந்துவிடுகிறது. திங்களன்று ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. வீவகவும் 9 மணிக்குமுன் தட்ட விடாது!

26 ஜூலை, சனி

மேடையின் உயரம். வழக்கமாக 85இலிருந்து 90 சென்டிமீட்டர். எனக்கு அது சரி, அத்தைக்கு எட்டவில்லை. சாப்பாட்டு மேசைமேல் பழைய தமிழ் முரசு நாளிதழ்களை அடுக்கி, அதன்மேல் பலகையும் கத்தியும் வைத்து வெங்காயம் நறுக்கச் சொன்னேன். தோள் தூக்காமல் முழங்கை மடங்கும் இடம் வந்ததும் டேப் பிடித்தோம்: 80. அடுப்புப் பக்கம் 86, ஜன்னல் பக்கம் 80 என்று இரண்டு மட்டமாகப் போடச் சொல்லிவிட்டோம். கல்லுக்குக் கூடுதல் செலவு என்று அங்கிள் முனகினார். முனகட்டும்.

30 ஜூலை, புதன்

கொட்டேஷன் கையெழுத்தாகிவிட்டது, 9 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. பழைய தரை ஓட்டின்மேலேயே புதிதை ஒட்டினால் மலிவு என்றார் அங்கிள். ஆனால் வீவக விதிப்படி தரைப்பூச்சும் ஓடும் சேர்ந்து மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. எங்களுடையது முந்தைய வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒட்டியதுபோல் இருக்கிறது. எனவே உடைத்தே ஆகவேண்டும். வீவக பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர் என்பதால் அனுமதிக்கு அவரே விண்ணப்பிக்கிறார்.

பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாளிடம்) சொன்னேன். பேரக்குழந்தை ஒரு மணிக்குத் தூங்குமாம். அங்கிளிடம் கேட்டேன், பனிரண்டரையிலிருந்து இரண்டு வரை ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிடுகிறேன் என்றார்.