கெட்டது கரண்டா, கிராஃபிக்ஸ் கார்டா?

என் கம்ப்யூட்டரில் விளையாட்டைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். அப்புறம் திரை கறுத்துவிடும், சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அம்பாசமுத்திரத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் கரண்டைத்தான் குறை சொன்னார்கள். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் கரண்டோ, கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸோ காலை வாரினால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே மொத்தமாக அணையும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். இங்கே சத்தம் நிற்கவில்லை. அதனால் யுபிஎஸ் மாற்று, எஸ்எம்பிஎஸ் மாற்று என்ற பேச்சை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தராமல் நின்று மீண்டது என்று பதிவாகியிருந்தது. இதைப் படித்ததும் டிரைவர்தான் கோளாறு என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கிவிட்டு இப்படி எழுதிவைக்கும், அவ்வளவுதான். ஏன் பதில் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. இருந்தாலும் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் போய், டிரைவர் நீக்கும் மென்பொருளான டிடியு கொண்டு பழைய டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாகப் போட்டேன். பலனில்லை.

சித்திரை வெயில் என்பதால் சூட்டையும் பார்த்தேன். தூசியை ஊதி எடுத்தபின் 70 டிகிரிக்கு மேல் போகவில்லை, ஆனாலும் கட்டங்கள் வந்தன. அந்த எண் கார்டின் நடுவில் இருக்கும் முக்கியச் சிப்பின் சூடு. மெமரி சிப்புகளின் சூட்டைப் பல கார்டுகள் காட்டுவதே இல்லை, அதனால் அந்த எண்ணை நம்பிக் கார்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு உதவியது ஒரு சாதாரணச் சோதனை. கட்டங்கள் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மொபைலில் திறந்து பார்த்தேன். படத்திலும் அதே கட்டங்கள். கேபிளிலோ மானிட்டரிலோ பழுது என்றால் படம் சுத்தமாக இருந்திருக்கும். பிறகு ஒருநாள், விண்டோஸ் ஏறும் முன்பே வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள் விழுந்தன. விண்டோஸ் டிரைவர் ஏறாத இடம் அது. சந்தேகம் கார்டின் மேல் இறுகியது.

இருந்தாலும் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மிச்சம் இருந்தன. ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும், மீதியை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் வயர் தர வேண்டும். பாளையங்கோட்டை நண்பனிடம் சொன்னேன். "கார்டக் கழட்டிக் கொண்டா மாப்ள, நம்ம சிஸ்டத்துல போட்டுப் பாப்போம்" என்றான். ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு செங்கோட்டை பாசஞ்சரில் கொண்டுபோனேன். அவன் கம்ப்யூட்டரிலும் அதே கட்டங்கள். அதோடு விடாமல், அவன் கார்டை வாங்கிவந்து என்னுடையதில் மாட்டி முழு லோடில் ஓடவிட்டேன். ஒரு கோடு இல்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் செய்வதில்லை. கார்டைக் கழற்றிவிட்டு வெறும் மதர்போர்டு டிஸ்ப்ளேயில் ஓட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சுமையே இருக்காது, அதிலிருந்து எதுவும் தெரியாது.

வாரண்டி முடிந்திருந்தது. வண்ணார்பேட்டையில் சிப் லெவல் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஹீட் கன்னில் சூடு காட்டினால் ஓடுமா என்று கேட்டேன். "ஓடும் தம்பி, ஆனா நெலைக்காது. ஒரு மாசத்துல மறுபடி கொண்டு வருவிய" என்றார். மெமரியைச் சோதிக்கும் மென்பொருளை ஓட்டி, எந்தச் சிப்பில் பிழை வருகிறது என்று எனக்கும் திரையில் காட்டினார். ஒரே ஒரு சிப்தான். அதே வகைச் சிப்பை வரவழைத்து மாற்றினார். கழற்றிய பழைய சிப்பையும் கையில் கொடுத்தார்.

கார்டைத் திரும்ப வாங்குமுன் அங்கேயே மெமரி டெஸ்டை மறுபடி முழுதாக ஓட்டச் சொன்னேன். பிழை 0 என்று வந்தபிறகுதான் காசைக் கொடுத்தேன்.