ஆத்தங்குடி வெயிலும் என் இரண்டு கண்ணாடிகளும்

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்ய முதலில் வேண்டியது கண்ணாடித் தகடு. அதன் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமென்டும் இட்டு நிரப்புவோம். கல்லின் வழவழப்பு அந்தத் தகடு தருவது. துடைத்து அடுக்கிய தகடுகளும், கல் ஊறும் தண்ணீர்த் தொட்டியும் பங்குனி வெயிலில் சேர்ந்து மின்னும் முற்றத்தில் இருபது வருடம் நின்றிருக்கிறேன். போன வருடம் கண் கூச ஆரம்பித்தது. நீர் வடியும். கண்ணை இடுக்கி இடுக்கிச் சாயங்காலம் நெற்றி விண்ணென்று தெறிக்கும்.

எனக்குக் கிட்டப்பார்வை உண்டு. பவர் மைனஸ் இரண்டு. கடையில் தொங்கும் கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. அருகிலிருந்த கடைக்காரர், "கூச்சந்தானே அண்ணே? நல்ல கறுப்பாகப் போட்டுவிடலாம்" என்றார். போட்டார். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. ஒரு மாதத்தில் பட்டாலையில் எரியும் டியூப் லைட்டைக்கூடப் பார்க்க முடியாமல் போனது.

அதன் பிறகுதான் மதுரையில் கண் மருத்துவமனைக்குப் போனேன். போகிறவர்கள் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் ஊசியாய்க் குத்தும். கண்புரை இருக்கிறதா, உள்ளே அழற்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இரண்டும் இல்லை. கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் நனைக்கிறது என்று அளந்தார்கள். பட்டையில் முக்கால்வாசி காய்ந்தே இருந்தது. "கண் வறண்டு போயிருக்கிறது. வறண்ட கண்ணில் வெளிச்சம் சிதறும், ஐயா. சிமென்ட் தூசியும் சேர்ந்திருக்கிறது" என்றார் மருத்துவர். பிறகு என் சட்டைப் பையில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, "இதை வீட்டிலும் போடுகிறீர்களா? கண் இருட்டுக்குப் பழகிவிடும். நிழலுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்" என்றார்.

சொட்டு மருந்தும் சீட்டும் வாங்கிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனேன். இந்த முறை அவசரப்படவில்லை. வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோக்ரோமிக் லென்ஸைத்தான் முதலில் கேட்டேன். அது புற ஊதாக் கதிர் பட்டால் கறுப்பது. காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் காருக்குள் சரியாகக் கறுக்காது. கடும் சூட்டிலும் முழுக்கக் கறுக்காது. நம் ஊர்ச் சித்திரைக்கு அது எனக்குச் சரிப்படாது என்று விட்டேன்.

அடுத்து போலரைஸ்டு. தண்ணீர், தரை, தார்ச்சாலை போன்ற கிடைப் பரப்பில் பட்டுச் சாய்வாகத் தெறிக்கும் ஒளியைத்தான் அது குறிப்பாக வெட்டுகிறது. அசல்தானா என்று பார்க்க, கடைக்காரர் லென்ஸைச் செல்பேசித் திரைக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டினார். ஒரு கோணத்தில் திரை இருண்டது. நிறத்தில் பழுப்பை எடுக்கச் சொன்னார். காட்சி தெளிவாகப் பிரிந்து தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பச்சையும் காவியும் சரியான பதத்தில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. நிறத்தை மாற்றாத சாம்பல்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். கறுப்பின் அடர்த்தியைப் பூஜ்யம் முதல் நான்கு வரை வகை பிரிக்கிறார்கள், அதில் மூன்றாம் வகை போதும். அதுவே 8 முதல் 18 விழுக்காடு ஒளியைத்தான் உள்ளே விடும். நான்காம் வகையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 பாதுகாப்பு கறுப்பைப் பொறுத்ததல்ல, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பலர் விட்டுவிடும் இன்னொன்று, லென்ஸின் உட்புறத்தில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு. அது இல்லையென்றால் முதுகுப் பக்கத்து வெயில் லென்ஸில் பட்டு நேரே கண்ணுக்குள் விழும். ஃபிரேம் புருவத்தை ஒட்டி அகலமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு அதே பவரில், பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு மட்டும் போட்ட வெள்ளைக் கண்ணாடி ஒன்று. இருட்டிய பிறகு வண்டி ஓட்டவும் அதுதான்.

புதுக் கண்ணாடியோடு தொட்டியருகே போன முதல் நாள் மறக்காது. எப்போதும் வெள்ளித் தகடு போல மின்னும் தண்ணீர். குனிந்து பார்த்தேன், மினுக்கம் இல்லை. அடியில் ஊறிக் கிடந்த கற்களின் தாமரை இதழ்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு கல்லின் மூலையில் முடி போன்ற விரிசல். தலையைச் சாய்த்தால் மினுக்கம் திரும்பி வந்தது, நிமிர்ந்தால் போனது. பக்கத்தில் நின்ற தம்பியிடம் கழற்றிக் கொடுத்தேன். என் பவர் அவனுக்கு ஒத்துவராவிட்டாலும் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரின் வெளிச்சத்தை போலரைஸ்டு அவ்வளவாகக் குறைப்பதில்லை. அது எல்லாப் பக்கமும் சிதறி வரும் ஒளி. அதற்குத் தலையில் துண்டும் விளிம்பு அகன்ற தொப்பியும் வைத்திருக்கிறேன். சொட்டு மருந்து நாளுக்கு நான்கு வேளை தொடர்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் கணக்கு நோட்டை இப்போது கண் இடுக்காமல் எழுதுகிறேன்.